நல்ல பெண்தான், ஆனால்…

இது நடந்தது 1998 ஜனவரியில். பெங்களூரு ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டு மாடியில் ஓர் அறையும் சின்னதாக ஒரு சமையலறையும் உண்டு. அங்கே குடியிருந்த பெண்ணுக்கு நான் செய்த ஒரு காரியத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். இத்தனை வருடம் கழித்தும் அதை நினைத்தால் எனக்குக் காதெல்லாம் சூடாகிவிடுகிறது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகப் பெங்களூருவில் இருக்கிறது. தாத்தா, அப்பா எல்லோரும் அரசாங்க உத்தியோகம். நானும் மாநில அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்புப் பிரிவில் இருந்தேன். ஆங்கிலத்தில் வரும் சுற்றறிக்கைகளைக் கன்னடத்தில் மாற்றுவது வேலை. தமிழை நான் பள்ளியில் படித்ததில்லை. அம்மாவிடமும் நூலகத்திலும் கற்றுக்கொண்டது. கஷ்டப்பட்டுக் கற்றதாலோ என்னவோ, என் தமிழைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் அதிகம். கல்லூரியில் தத்துவம் படித்தவள் என்கிற கர்வம் தனி.

நான் போய்வந்துகொண்டிருந்த தமிழ் வாசகர் வட்டத்தில், எளிய தமிழில் சிறு நூல்கள் போடலாம் என்று முடிவானது. என் பங்குக்கு வந்தது, தனிமனித சுதந்திரம் பற்றி நூறு வருடத்துக்கு மேல் முன்னால் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஒரு தத்துவ நூல். அப்படியே மொழிபெயர்க்க வேண்டாம், ஃபேக்டரிக்குப் போகிறவர்கள் பஸ்ஸில் உட்கார்ந்து படிக்கிற மாதிரி எண்பது பக்கத்தில் விஷயத்தைச் சொல்லுங்கள் என்றார்கள். இவ்வளவுதானே என்று ஒப்புக்கொண்டேன்.

முதல் அத்தியாயத்தை எழுதி என் கணவரிடம் வாசித்துக் காட்டினேன். இரண்டாம் பக்கம் திருப்புவதற்குள் மனிதர் தூங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மயக்கம் என்று சமாதானம் செய்துகொண்டு, மாடியில் இருந்தவளைக் கூப்பிட்டேன்.

அவளுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. திருப்பத்தூர் பக்கத்துக்காரி. நகருக்கு வெளியே ஓசூர் ரோட்டில் இருக்கும் பொம்மசந்திராவில், மின்சாதன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. இரண்டு தங்கைகளுக்குக் கல்யாணம் செய்து கொடுத்துவிட்டு, தனக்கு இப்போதைக்கு வேண்டாம் என்று இருந்தாள். அறையைப் பங்குபோட்டுக்கொண்டிருந்த தோழி கல்யாணமாகிப் போய்விட்டதால் தனியாகத்தான் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கீழே வந்து என்னோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பாள்.

அது அவரைக்காய் சீசன். பெங்களூருவில் ஜனவரி என்றால் வீட்டுக்கு வீடு அந்த வாசனைதான். ஊறவைத்த அவரைக்கொட்டையைத் தோல் பிதுக்கிப் பிதுக்கிப் பாத்திரத்தில் போடுவது பொறுமையான வேலை. அவள் பிதுக்குவாள், நான் வாசிப்பேன். அவள் எனக்கு ஒரு அருமையான பரிசோதகராக அமைந்தாள். புரியவில்லை என்று வாய் திறந்து சொல்ல மாட்டாள், கை மட்டும் நின்றுவிடும். கை நின்றால் என் வாக்கியத்தில் கோளாறு என்று அர்த்தம். முதல் நாள் அவள் கை நின்ற நேரமே அதிகம். குழம்பு வைக்க ராத்திரி ஆகிவிடும் போலிருந்தது.

"தன்மீதும் தன் உடல் மீதும் உள்ளத்தின் மீதும் ஒவ்வொரு தனிமனிதனும் இறைமை உடையவனாவான்" என்று நான் பெருமையாக எழுதியிருந்தேன். கை நின்றது.

"அக்கா, இது கோர்ட்டுல இருந்து வர்ற பேப்பர் மாதிரி இருக்குது" என்றாள்.

நான் வேறு வார்த்தைகளில் விளக்கினேன். அவள் இன்னொரு கொட்டையைப் பிதுக்கிப் போட்டுவிட்டு, "அப்படின்னா, என் ஜடைய நான் எப்படி வேணா பின்னிக்கலாம். பஸ்ல திரும்பும்போது அது பக்கத்துல இருக்கறவங்க கண்ணுல அடிக்காம பாத்துக்கணும். அவ்ளோதானக்கா?" என்று கேட்டாள்.

மூன்று பக்கம் எழுதியும் எனக்கு வராத விஷயம் அது. அப்படியே போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் இதே கதைதான். சட்டம் எதையும் தடுக்காவிட்டாலும் ஊர் வாய் எப்படி ஒருவரைக் கட்டிப்போடும் என்கிற பகுதிக்கு, அவளுடைய சொந்தக்காரர்களே போதுமான உதாரணம் தந்தார்கள். பழைய தத்துவத்தை இந்தக் காலத்து மனிதர்களிடம் கொண்டு சேர்க்கிறேன் என்று எனக்கு ஒரே பூரிப்பு. பாதியை அவள்தான் சேர்த்தாள் என்பதை அப்போது நான் யாரிடமும் சொல்லவில்லை.

நாலாவது அத்தியாயம் எழுதிக்கொண்டிருந்த வாரம் அவள் ஒரு செய்தி கொண்டுவந்தாள். அவள் வேலை செய்யும் பிரிவில் சூப்பர்வைசர் இடம் ஒன்று காலியாகிறது, அவளுக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் பிப்ரவரி முதல் தேதியிலிருந்து காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு வந்து நிற்க வேண்டும். கம்பெனி வண்டி எந்த ஷிஃப்டுக்கும் ஊருக்குள் வருவதில்லை. ஆஸ்டின் டவுனிலிருந்து இரண்டு பஸ் மாறி ஆறு மணிக்குள் பொம்மசந்திரா போய்ச் சேர முடியாது. அதனால் கம்பெனிக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன வீடு பார்த்திருந்தாள். வரிசையாக நாலு வீடு, அதில் கடைசி வீடு. தனியாக இருக்கப் போகிறாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் காலத்தில் ஓசூர் ரோடு அந்தப் பக்கம் போகப் போக வெறிச்சோடிக் கிடக்கும். தெருவிளக்கு சரியாக இருக்காது. தெரிந்தவர் என்று ஒருவர் கிடையாது. என்னால் முடிந்தவரை எடுத்துச் சொன்னேன். ஹாஸ்டல் பார் என்றேன். சாயந்தரம் ஏழு மணிக்குக் கேட்டைப் பூட்டுகிற ஹாஸ்டலில் இருந்துகொண்டு ஷிஃப்ட் வேலை எப்படிப் பார்ப்பது என்றாள். உடம்புக்கு முடியாமல் போனால் யார் இருக்கிறார்கள் என்றேன். பக்கத்து வீடுகளில் இருப்பதும் மனுஷர்கள்தானே என்றாள். கோபப்படவே இல்லை. நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு, "இல்லக்கா, நான் போறேன். நல்லா யோசிச்சாச்சு" என்று முடித்துவிட்டாள்.

அந்த ஞாயிறு நாலாவது அத்தியாயத்தை வாசித்தேன். அந்த நூலின் உயிர்நாடியே அந்த இடம்தான். வயது வந்த ஒருவரிடம் நாம் எடுத்துச் சொல்லலாம், மன்றாடலாம், சண்டைகூடப் போடலாம். ஆனால் அவருடைய நன்மைக்குத்தான் என்று சொல்லி அவர் போகிற வழியை மறிக்கக் கூடாது என்று எழுதியிருந்தேன். அவள் கை ஒரு தடவைகூட நிற்கவில்லை. "இது நல்லா புரியுதுக்கா" என்று சிரித்தாள். எனக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாம் நாள் சாயந்தரம் நான் அலுவலகத்திலிருந்து வந்து காப்பி கலந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. அந்தப் பொம்மசந்திரா வீட்டுக்கார அம்மாள் பேசினார். எங்கள் ஊரில் இது வழக்கம். புதிதாக ஒருவரைக் குடிவைக்கும் முன்னால், முன்பு இருந்த வீட்டுக்காரரிடம் விசாரித்துக்கொள்வார்கள். என் நம்பரை அவள்தான் கொடுத்திருந்தாள். நானும் எத்தனையோ பேரிடம் அப்படி விசாரித்தவள்தான்.

"ஹுடுகி ஹேகம்மா?" என்று கேட்டார். பெண் எப்படி என்கிறார்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. காப்பி டம்ளரை மேஜை மேல் வைத்தேன். பிறகு கன்னடத்தில் சொன்னேன். நல்ல பெண்தான், ஆனால் தனியாக இருக்கப் போகிறாள், ஷிஃப்ட் வேலை, போகிற நேரம் வருகிற நேரம் சொல்ல முடியாது, பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது, எதற்கும் யோசித்துக் கொடுங்கள் என்றேன். "ஓஹோ, ஹௌதா", அப்படியா, என்று அந்த அம்மாள் இழுத்தார். போனை வைத்துவிட்டார்.

எனக்கு ஒரு குற்ற உணர்ச்சியும் இல்லை. பொய்யாக ஒரு வார்த்தை சொல்லவில்லையே! அந்த வீடு கிடைக்காவிட்டால் இங்கேயே இருப்பாள், சூப்பர்வைசர் வேலை போனால் போகிறது, உயிரை விடவா வேலை பெரிது என்று ஆறிப்போன காப்பியைக் குடித்தேன். இன்னொன்றையும் இங்கே ஒளிக்காமல் சொல்ல வேண்டும். என் புத்தகத்தில் இன்னும் ஒரு அத்தியாயம் பாக்கி இருந்தது. அவள் போய்விட்டால் அதை யாரிடம் வாசித்துக் காட்டுவேன் என்ற கவலையும் அந்த அக்கறைக்குள் உட்கார்ந்திருந்தது. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் வேலை முடிந்து வந்தவள் மாடிக்குப் போகவில்லை. நேராக எங்கள் கூடத்துக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படி ஓரமாக நின்றாள். அந்த வீடு இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அதே தெருவில் இன்னும் இரண்டு வீட்டில் கேட்டிருக்கிறாள். அவர்களும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதில் ஒரு வீட்டு அம்மாள்தான் போட்டு உடைத்திருக்கிறார், உன் பழைய ஓனரே உன்னைப் பற்றி யோசிக்கச் சொன்னாராமே என்று. அந்தத் தெருக்காரர் ஒருவர் கம்பெனி கேன்டீனில் வேலை செய்கிறார். கம்பெனியிலும் இரண்டு பேர் அவளை ஒரு மாதிரி பார்த்திருக்கிறார்கள்.

"போன்ல என்னக்கா சொன்னீங்க?" என்றாள்.

சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் கத்தவில்லை.

"எல்லாம் நெஜந்தான்" என்றாள். "இதையேதான் என்கிட்டயும் சொன்னீங்க. நான் கேட்டுக்கிட்டேன். வேணாம்னு சொன்னேன். அப்பறம் எதுக்குக்கா அவங்ககிட்ட போய் சொன்னீங்க?"

உன் நல்லதுக்குத்தான் என்று வாய் வரை வந்தது. அந்த வாரம் நானே என் கையால் எழுதிய வார்த்தைகள் அவை.

"எங்க அண்ணன் என்னை வேலைக்கே போகக் கூடாதுன்னு கத்துவான். அவன் மறிக்கிறான்னு எனக்குத் தெரியும், நானும் எதுத்து நின்னேன். நீங்க மறிச்சது எனக்குத் தெரியவே இல்லையேக்கா. தெரியாததை எப்படி எதுத்து நிக்கறது?" என்று கேட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

அன்றிரவு என் கணவர், "நீ வேணும்னு பண்ணலையே, விடு" என்றார். வேண்டுமென்றுதான் செய்தேன் என்று அவரிடம் சொல்லவும் எனக்குத் தைரியம் வரவில்லை. மேஜை மேல் நாலாவது அத்தியாயம் கிடந்தது. எடுத்து வாசித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தேன், அதுதான் இன்னும் வெட்கமாக இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பொம்மசந்திராவுக்குக் கிளம்பினேன். இத்தனைக்கும் அதற்கு முன்னால் நான் அந்தப் பக்கம் பஸ்ஸில் போனதே இல்லை. ஒரு மணிநேரத்துக்கு மேல் நின்றுகொண்டேதான் போனேன். சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டுவதற்குள் புடவை கசங்கிப் பாதி ஆளாகிவிட்டேன். இதைத்தான் இவள் தினம் இரண்டு வேளை செய்கிறாள். அந்தத் தெருவும் நான் பயந்த மாதிரி இல்லை. குழாயடியில் நாலைந்து பெண்கள் கம்பெனி யூனிஃபார்மிலேயே தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு டீக்கடை. நான் பார்க்காத ஒரு தெருவைப் பற்றி, அதைப் பத்துத் தடவை நடந்து பார்த்தவளுக்குப் புத்தி சொல்லியிருக்கிறேன்.

வீட்டுக்கார அம்மாள் என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். அந்தப் பெண் மூன்று வருடம் என் வீட்டில் இருந்தாள், அவளைப் போல ஒருத்தி கிடைக்க மாட்டாள், அவள் தனியாகப் போவது எனக்குப் பிடிக்காததால் அப்படிப் பேசிவிட்டேன், தப்பு என்னுடையது என்றேன். அந்த அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. நீங்கள் ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லையே என்றார். பிறகு அவரே யோசித்து, நான் கேட்டதும் நீங்கள் கொஞ்சநேரம் சும்மா இருந்தீர்கள் இல்லையா, அதில்தான் எனக்கு என்னென்னவோ தோன்றிவிட்டது என்றார். காப்பி டம்ளரைக் கீழே வைக்க எடுத்துக்கொண்ட நேரம் அது. அந்த நேரத்தில் ஒரு பெண்ணின் மானத்தைக் கப்பலேற்றியிருக்கிறேன்.

வீட்டை வேறு ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தாகிவிட்டது. இனி ஒன்றும் செய்வதற்கில்லை. ஆனால் அந்த அம்மாள் நல்லவர். என்னோடு எழுந்து வந்தார். அவள் கேட்டுப் போன அந்த இரண்டு வீட்டுக்கும் போனோம். முன்பின் தெரியாத வாசலில் நின்று, நான்தான் அந்தப் பழைய ஓனர், நான் பேசியதுதான் தப்பு என்று இரண்டு தடவை சொன்னேன். அலுவலகத்தில் ஒரு கமா விட்டுப்போனதைக்கூட ஒப்புக்கொள்ளாதவள் நான். இரண்டாவது வீட்டில் ஒரு பெரியவர் கேட்டுவிட்டு, சரி, பின்பக்கத்து வீடு காலியாகத்தான் இருக்கிறது, ஒன்றாம் தேதியே வந்துவிடலாம், நீங்களே பார்த்து முடித்துவிடுங்கள் என்றார்.

சாவியை எடுத்துக் கையில்கூடக் கொடுத்துவிட்டார். முடித்துவிடலாம், சந்தோஷமாகப் போய்ச் சொல்லலாம், என் பாவமும் தீர்ந்துவிடும் என்று மனசு துள்ளியது. சரி என்று சொல்ல வாயெடுத்தவள், சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். குடியிருக்கப் போவது அவள், அவளே வந்து பார்க்கட்டும், அவளுக்குச் சரி என்றால் பேசிக்கொள்ளுங்கள் என்றேன். பெரியவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

சாயந்தரம் அவளிடம் விஷயத்தை மட்டும் சொன்னேன். இந்த மாதிரி ஒரு வீடு இருக்கிறதாம், பார்க்கலாம் என்கிறார்கள் என்றேன். நல்ல வீடு, சின்ன வீடு, எடு, எடுக்காதே, ஒன்றும் சொல்லவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

போய்ப் பார்த்தாளாம். அந்த வீடு அவளுக்குப் பிடிக்கவில்லை! சமையலறையில் ஜன்னல் இல்லையாம். இன்னும் ரெண்டு தெரு தள்ளி, எனக்குப் பயமாக இருக்கிற மாதிரி ஒரு மூலையில், தகரக் கேட் போட்ட ஒரு வீட்டை அவளே தேடிப் பிடித்தாள். ஆனால் அங்கே குடிபோவதற்குப் பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி ஆகிவிட்டது. சூப்பர்வைசர் இடத்தை அதற்குள் இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த முறை அவளுக்கு அது கிடைக்க ஒன்றரை வருடம் ஆனது. அந்த ஒன்றரை வருடத்துக்கு நான்தான் பொறுப்பு. இதை நான் எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்தாலும் மாறாது.

மூட்டை கட்டுகிற அன்றைக்கு நான் மாடிக்குப் போனேன். கட்டிலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றுக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டேன். வயதில் பெரியவள் கேட்கிறாளே என்று அவள் பதறவில்லை. கேட்டுக்கொண்டாள். "கோவம் இருக்குதுக்கா. கொஞ்ச நாள் ஆகும்" என்றாள். மனசில் இருப்பதை மூஞ்சிக்கு நேராகச் சொன்னாள் பாருங்கள், அந்த நேர்மையை அவளிடம்தான் நான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தக் கட்டிலின் ஒரு பக்கத்தைப் பிடித்து வண்டியில் ஏற்ற உதவினேன்.

கொஞ்ச நாள் என்று அவள் சொன்னது நாலு மாதம். ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளாகவே வந்தாள். கை நிறைய நாவல்பழம் வாங்கி வந்திருந்தாள். புத்தகம் என்னாச்சு என்று கேட்டாள். கடைசி அத்தியாயம் எழுதவே இல்லை என்றேன். சொல்வதற்கு எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று தோன்றிவிட்டது என்றும் சொன்னேன். "யோக்கியதை இருக்கறவங்கதான் எழுதணும்னா ஒரு புக்கும் வராதுக்கா" என்று சிரித்தாள்.

நான் செய்த காரியத்தையே நாலாவது அத்தியாயத்துக்கு உதாரணமாகப் போடலாமா என்று அவளிடம் கேட்டேன். பெரிய யோசனையாக யோசித்தாள். உங்க தப்பை நீங்க எழுதிக்கங்க, என்னைப் பாவம்னு மட்டும் எழுதாதீங்க என்றாள். அப்படியே எழுதினேன். புத்தகம் வந்தபோது வட்டத்தில் பலர் அந்த ஒரு பக்கத்தைத்தான் சிலாகித்தார்கள். தத்துவம் இப்போதுதான் புரிகிறது என்றார்கள். எனக்கும் அப்போதுதான் புரிந்திருந்தது என்று அவர்களிடம் சொன்னேன். இதை எழுதுவதற்கு முன்னாலும் அவளிடம் போனில் கேட்டுக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன்.

அடுத்தவர் சுதந்திரத்தைப் பறிக்கிறவர்கள் அதட்டிக்கொண்டும் மிரட்டிக்கொண்டும்தான் வருவார்கள் என்று அதுவரை நம்பியிருந்தேன். அன்றைக்கு நான் யாரையும் அதட்டவில்லை, ஒரு பொய்யும் சொல்லவில்லை, மனசு நிறையப் பாசத்தோடுதான் அவள் வழியில் குறுக்கே போய் நின்றேன், அதனால்தான் யார் மீதாவது பாசம் பொங்குகிறபோது இன்றும் எனக்கு என்மேலேயே ஒரு சந்தேகம் வருகிறது.